ஊசி குத்திய பின் முதல் இரண்டு மணி நேரம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைத் தயங்காமல் எடுக்கவும் எடுக்கச் செய்யவும் ஒரு வழிகாட்டி

இரவுப் பணியில் ஒரு செவிலியர் நோயாளியின் நரம்பிலிருந்து ஊசியை எடுக்கும் வேளையில் நோயாளி வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறார். ஊசி செவிலியரின் ஆள்காட்டி விரலில் ஏறிவிடுகிறது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் ஒரு துளி இரத்தம். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மருந்து ஏற்ற நேரமாகிவிட்டது. விரலைக் குழாய்நீரில் காட்டி, பஞ்சால் ஒற்றி, புதிய கையுறை அணிந்து அவர் வேலையைத் தொடர்கிறார். காலையில் பணியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போதும் எவரிடமும் அதைச் சொல்வதில்லை.

தொற்றுத் தடுப்புச் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், இப்படி மறைக்கப்பட்ட காயங்களைப் பற்றி நான் கேள்விப்பட்டதெல்லாம் பெரும்பாலும் வாரங்கள் கடந்த பிறகுதான். தேநீர் வேளையில், வேறு ஏதோ பேச்சின் நடுவே, ‘எனக்கும் ஒருமுறை குத்தியிருக்கு சிஸ்டர்’ என்று வந்து விழும். அப்படிச் சொன்னவர்கள் எச்.ஐ.வி. பற்றி அறியாதவர்கள் அல்லர். தடுப்பு மருந்து உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்ற கணக்கைப் பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தெரிந்ததைச் செய்யவிடாமல் தடுத்தவை வெட்கமும், பழி வந்து சேரும் என்ற அச்சமும்தான். ஆகவே இந்த வழிகாட்டி, மருத்துவமனைப் பேச்சில் ‘பெப்’ என்று சொல்லப்படும் அந்த மருந்தை எடுக்கும் முறையை மட்டும் சொல்லி நின்றுவிடாமல், எடுக்கத் தயங்கும் மனத்தோடு எப்படி வேலை செய்வது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. செவிலியர், ஆய்வக நுட்பநர், பயிற்சி மருத்துவர், தூய்மைப் பணியாளர் ஆகியோருக்கும் அவர்களை மேற்பார்வையிடுவோருக்கும் இது எழுதப்பட்டது.

தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தபோது, அவர்கள் சோதித்தவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகள். அதன்பின் வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களும் பெரும்பாலும் பாலுறவைச் சுற்றியே அமைந்தன. 2000-களின் தொடக்கத்தில் பேருந்துகளிலும் சுவர்களிலும் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற கேள்வியைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் இன்று வார்டுகளில் மூத்த செவிலியர்களாக இருக்கிறது. அந்தப் பிரசாரம் தன் வேலையை நன்றாகவே செய்தது என்பது என் கருத்து. ஆனாலும் எச்.ஐ.வி. என்றால் ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி என்ற எண்ணம் அடியில் தங்கிவிட்டது. திருமணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு செவிலியர், பணியில் பட்ட காயத்துக்காக மாத்திரை எடுத்தாலும், வீட்டில் அந்தப் புட்டியைப் பார்ப்பவர் காயத்தைப் பற்றிக் கேட்க மாட்டார் என்பதை அறிவார். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தின் வாசலில் வரிசையில் நிற்பதைத் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கும் அவர் மனத்தில் ஓடுகிறது. அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. அது நம் ஊரை நன்கு அறிந்தவரின் அச்சம்.

இரண்டாவது, பழி. காயம் பட்டவர் சொல்ல வரும்போது அவர் காதில் விழும் முதல் கேள்வி, பல இடங்களில், ‘மூடியைத் திரும்பப் போட்டீங்களா?’ என்பதுதான். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. அதை மீறியதை ஒப்புக்கொண்டால் மெமோ வரும் என்பதும் தெரிந்த நடைமுறை. பயிற்சி மாணவிக்கு அக மதிப்பெண் பற்றிய கவலை. ஒப்பந்தத்தில் இருக்கும் தூய்மைப் பணியாளருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்ற கவலை.

மருத்துவர்களிடம் நான் கண்டது வேறு வகை. அறுவைச் சிகிச்சை நடுவில் தையல் ஊசி குத்தினால், ‘நோயாளி நல்ல குடும்பத்து ஆள், அறுவைக்கு முன் செய்த சோதனையிலும் ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக் கையுறையை மாற்றிக்கொண்டு தொடர்வார்கள். முகத்தையும் உடையையும் பார்த்துத் தொற்றைக் கணிக்க முடியாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களே தங்கள் விரல் என்று வரும்போது அப்படிக் கணிப்பது ஒரு விந்தைதான்.

மருந்தைப் பற்றிய பழைய அச்சமும் இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் தரப்பட்ட ஜிடோவுடின் பலருக்குக் குமட்டலையும் கடும் சோர்வையும் கொடுத்தது. பாதியில் நிறுத்தியவர்கள் நிறையப் பேர். தடுப்பு மருந்தாக நெவிரபின் எடுத்த சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட செய்தி 2001-இல் அமெரிக்காவிலிருந்து வெளியானது. அதன்பின் அந்த மருந்து இந்தப் பயன்பாட்டுக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது. இன்று தரப்படுவது வேறு மருந்து. ஆனால் ‘அந்த மாத்திரை போட்டால் ஆளே எழுந்திருக்க முடியாது’ என்ற சொல் மட்டும் ஒரு தொகுதி மாணவிகளிடமிருந்து அடுத்த தொகுதிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

இவற்றுக்கு நேர்மாறாக, சிறுநீர் தெறித்ததற்கும் வியர்வை பட்டதற்கும் மருந்து கேட்டு அழுபவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்துச் சிரிப்பது, அடுத்த முறை உண்மையான காயத்தோடு வர இருப்பவரையும் வாய் திறக்காமல் செய்துவிடும்.

காயம் பட்ட அந்த நிமிடத்தில்

கையில் இருப்பதைப் பாதுகாப்பாகக் கீழே வைத்துவிட்டு, அருகில் இருப்பவரிடம் ‘எனக்கு ஊசி குத்திவிட்டது, நோயாளியைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று உரக்கச் சொல்லுங்கள். இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாய்விட்டுச் சொன்ன பிறகு மறைப்பது கடினம். சொல்லாமல் கடந்துவிட்ட ஐந்து நிமிடம் ஐந்து நாளாக நீள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் தானாக வருவதைத் தடுக்க வேண்டாம். ஆனால் அழுத்திப் பிதுக்கக் கூடாது. விரலை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் சிறு வயதிலிருந்து நம் எல்லாருக்கும் உண்டு, அது இங்கே கூடவே கூடாது. ஸ்பிரிட், அயோடின், பிளீச்சிங் கரைசல், டெட்டால் போன்றவற்றை ஊற்றித் தேய்ப்பதால் தோல் புண்ணாகுமே தவிரப் பயன் இல்லை. கண்ணில் தெறித்திருந்தால் சுத்தமான நீரோ சலைனோ கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும்; கண்ணில் காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவி முடியும்வரை அதை எடுக்காமல் இருந்து, பிறகு எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். வாயில் பட்டிருந்தால் துப்பிவிட்டுப் பலமுறை நீரால் கொப்பளிக்க வேண்டும்; வாய்க்கும் கண்ணுக்கும் சோப்பு வேண்டாம்.

அடுத்தது மணியைப் பார்ப்பது. காயம் பட்ட நேரத்தைக் கையில் கிடைத்த தாளிலோ தொலைபேசியிலோ குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் வாய்க்குள் போக வேண்டும் என்பதுதான் இலக்கு. 72 மணி நேரம் என்பது அதற்கு மேல் தாமதிக்கக் கூடாத கடைசி எல்லை. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘மூன்று நாள் இருக்கிறதே, வார விடுமுறை முடிந்து பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். உடலுக்குள் நுழைந்த வைரஸ் முதலில் அந்த இடத்துத் திசுக்களில் உள்ள உயிரணுக்களில் ஏறி, அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றிரண்டு நாள்களில் நிணநீர்க் கணுக்களைச் சென்றடைகிறது. அங்கே பெருகத் தொடங்கிய பிறகு அதைப் பிடிப்பது அரிது. குரங்குகளில் டெனோஃபோவிரை வைத்து 1990-களில் செய்த ஆய்வுகளில், 24 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுத்தவற்றுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. தொடங்குவது தாமதமானபோதும், நாள்களைக் குறைத்தபோதும் அந்தப் பாதுகாப்பு சரிந்தது. 72, 28 என்ற எண்கள் யாரோ வசதிக்காகப் போட்டவை அல்ல என்பதைத் தயங்குபவருக்கு விளக்க இந்தச் செய்தி எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

எது அபாயம், எவ்வளவு அபாயம்

எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தி, மருந்தே எடுக்காமல் இருந்தால், தொற்று ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடு, அதாவது இப்படி ஆயிரம் பேருக்குக் குத்தினால் மூவருக்கு. கண், வாய் போன்ற மென்சவ்வுகளில் இரத்தம் தெறித்தால் அது 0.09 விழுக்காடு. இந்த எண்ணைச் சொல்லும்போது கவனம் தேவை. பதறி வந்தவருக்கு அது ஆறுதல். அலட்சியமாக இருப்பவருக்கோ மருந்து வேண்டாம் என்பதற்குச் சாக்கு. ஆகவே அலட்சியக்காரரிடம் சராசரியைச் சொல்லி நிறுத்தாமல், அவருடைய காயத்தைப் பற்றிக் கேளுங்கள்: ஆழமாக ஏறியதா, ஊசியில் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் இருந்ததா, நரம்பிலோ தமனியிலோ இருந்து எடுத்த ஊசியா, நோயாளி நோய் முற்றிய நிலையில் இருப்பவரா? இந்த நான்கும் அபாயத்தைக் கூட்டுபவை என்று 1997-இல் வெளியான, அமெரிக்காவிலும் பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன் ஆகிய நாடுகளிலும் காயம்பட்ட மருத்துவப் பணியாளர்களை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. ஜிடோவுடின் ஒன்றை மட்டும் எடுத்தவர்களுக்கே தொற்று வாய்ப்பு 81 விழுக்காடு குறைந்திருந்ததையும் அதே ஆய்வுதான் காட்டியது. இன்றைய மருந்து அதைவிட வலுவானது. துளையுள்ள ஊசி, தையல் ஊசியைவிட அதிக இரத்தத்தைச் சுமக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

இரத்தம், விந்து, யோனித் திரவம், மூளைத் தண்டுவடத் திரவம், நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் சேரும் நீர், பனிக்குட நீர் ஆகியவை கவனிக்க வேண்டியவை. வியர்வை, கண்ணீர், எச்சில், சிறுநீர், மலம் ஆகியவற்றில் இரத்தம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாதவரை எச்.ஐ.வி. அச்சம் தேவையில்லை, காயமில்லாத தோலில் இரத்தம் பட்டாலும் கழுவினால் போதும்.

இந்த இடத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி-யைச் சொல்லாமல் போக முடியாது. தடுப்பூசி போடாதவருக்கு, அந்தத் தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால், நோய் வரும் வாய்ப்பு 6 முதல் 30 விழுக்காடுவரை. எச்.ஐ.வி.-யைப் பார்த்து நடுங்குபவர்கள் இதைப் பார்த்து நடுங்குவதில்லை, ஏனென்றால் இதற்கு யாரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்று தவணைத் தடுப்பூசியை முடித்து, அதன்பின் எதிர்ப்பொருள் அளவு 10 அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது ஊசியைத் தொடும் ஒவ்வொருவருக்கும் அடிப்படை. போடாதவருக்குக் காயம் பட்டால், தடுப்பூசியையும் தேவைப்பட்டால் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினையும், இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

மருந்தை வாங்கும் வழி

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலின்படி இன்று தரப்படுவது ஒரே மாத்திரை: டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300 மில்லிகிராம், டோலுடெகிராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்தது. நாளுக்கு ஒன்று, 28 நாள். அரசு மருத்துவமனை என்றால் அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ பணி மருத்துவரிடமோ முதல் மாத்திரை கிடைக்க வேண்டும், மீதியை ஏ.ஆர்.டி. மையம் தரும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தனியார் மருத்துவமனைகளில், ‘மருந்து எங்கே இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கும்’ என்ற கேள்வியை, காயம் பட்ட பிறகு கேட்காமல் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாவி மருந்தகக் கண்காணிப்பாளரின் வீட்டில் இருந்த ஓர் இரவை நான் மறக்கவில்லை.

எந்தச் சோதனை முடிவுக்காகவும் முதல் மாத்திரையை நிறுத்தி வைக்கக் கூடாது. நோயாளியின் சோதனை முடிவு பிறகு வரட்டும். அவருக்குத் தொற்று இல்லை என்று உறுதியாகி, அண்மையில் தொற்றியிருக்கும் ஐயமும் இல்லையென்றால், மருத்துவர் மருந்தை நிறுத்தச் சொல்வார். இரண்டு மாத்திரை வீணாகப் போனதால் எவருக்கும் கேடில்லை. நோயாளியைச் சோதிக்க அவருடைய ஒப்புதல் வேண்டும். வேறு காரணம் சொல்லி எடுத்த இரத்தத்தில் அவருக்குத் தெரியாமல் சோதிப்பது சட்டப்படி தவறு. உண்மையைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.

காயம் பட்டவருக்கும் அன்றே எச்.ஐ.வி., ஹெப்பாடைட்டிஸ் பி, சி சோதனைகளும் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். வெளியே சொல்லப்படாத பெரிய தயக்கம் ஒன்று இங்கேதான் ஒளிந்திருக்கிறது: ‘எனக்கே ஏற்கெனவே இருந்துவிட்டால்?’ இதை எவரும் கேட்க மாட்டார்கள். ‘எனக்கு மருந்தெல்லாம் வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே அவர் கேட்காமலே நீங்கள் சொல்லிவிடுங்கள்: முடிவு அவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தெரியும், இன்று தொற்று இல்லை என்று எழுத்தில் இருந்தால்தான், பின்னாளில் ஏதேனும் நேர்ந்தால் அது பணியில் வந்தது என்று காட்ட முடியும், அவர் இன்று சோதனைக்கு மனம் வராமல் நின்றாலும் முதல் மாத்திரையை விழுங்கிவிடலாம்.

கர்ப்பமாக இருப்பது இந்த மருந்துக்குத் தடையில்லை. பாலூட்டுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லி ஆலோசனை பெற வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் அல்லது கார்பமசெப்பின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டி வரும். நோயாளி ஏற்கெனவே எச்.ஐ.வி.-க்குக் கூட்டு மருந்து எடுப்பவராக இருந்தால் அவருடைய மருந்தின் பெயரையும் அவருக்கு அது வேலை செய்கிறதா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். ஆனாலும் அதற்காகத் தொடக்கத்தைத் தள்ளிவைக்க வேண்டாம்.

தயங்குபவரிடம் பேசும் முறை

உட்கார வையுங்கள். கதவைச் சாத்துங்கள். எப்படி நடந்தது என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்காதீர்கள். எப்போது நடந்தது என்பது மட்டும் போதும். காரணத்தை ஆராய ஒரு வாரம் இருக்கிறது, மாத்திரைக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. ‘நீங்கள் சொன்னது நல்லதாயிற்று’ என்று தொடங்குங்கள். மருத்துவமனையில் பழி சொல்லிப் பழகிய நாக்குக்கு இந்த ஒரு வாக்கியம் எளிதில் வராது, ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

‘இன்றைக்கு ஒரு மாத்திரை, தொடர்வதா என்பதை நாளைக்குப் பேசலாம்’ என்று சொல்வது எனக்குத் தெரிந்தவரை நன்றாகப் பலிக்கும் வழி. 28 நாள் என்றதும் மலைத்துப்போகிறவர் ஒரு மாத்திரைக்குக் கை நீட்டுவார். முதல் இரவு கழிந்து தலை சுற்றவில்லை, வாந்தி வரவில்லை என்று கண்ட பிறகு, மீதி நாள்களைப் பற்றிப் பேசுவது எளிது.

‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்பவரிடம் வாதாட வேண்டாம். ‘இதே காயம் உங்கள் தங்கைக்குப் பட்டிருந்தால் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்பவரிடமும் அவர் நம்பிக்கையைத் தொட வேண்டாம். அந்த நம்பிக்கை மருந்தை விலக்கவில்லை என்பதை அவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள், ஏனென்றால் காய்ச்சலுக்கு அவர்கள் பாராசிட்டமால் எடுப்பவர்கள்தாம். எல்லாம் கேட்ட பிறகும் மறுப்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. மறுத்ததைப் பதிவு செய்து, ‘நாளை மாலைவரை மனம் மாறலாம், என்னை எந்த நேரத்திலும் கூப்பிடுங்கள்’ என்று உங்கள் எண்ணைக் கொடுங்கள். மறுநாள் நீங்களே கூப்பிடுங்கள்.

28 நாள்

இந்த மாத்திரையால் சிலருக்குக் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரும். பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். தூக்கம் கெடுவதாக இருந்தால் காலையில் எடுக்கலாம், குமட்டினால் உணவோடு எடுக்கலாம். பலரும் கவனிக்காத ஒன்று: டைஜின், ஜெலுசில் போன்ற வயிற்றெரிச்சல் மருந்துகளும், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் டோலுடெகிராவிர் உடலில் சேர்வதைக் குறைக்கும். இரவுப் பணியில் நேரம் தப்பிச் சாப்பிட்டு வயிற்றெரிச்சலுக்கு மருந்து குடிப்பதும், இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை போடுவதும் நம் செவிலியர்களிடம் சர்வ சாதாரணம். இவற்றை எடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ தடுப்பு மாத்திரையை எடுக்க வேண்டும்.

ஒருநாள் மறந்துவிட்டால், நினைவு வந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். ஹெப்பாடைட்டிஸ் பி இருப்பது சோதனையில் தெரியவந்தவர்கள் 28-ஆம் நாள் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் அந்த வைரஸையும் அடக்குபவை என்பதால், திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கிளம்பக்கூடும்.

வீட்டில் சொல்வதா என்பது அவரவர் முடிவு. தொடர் சோதனைகள் முடியும்வரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும், இரத்ததானம் செய்யக் கூடாது என்பதால், துணையிடம் மறைத்து நடத்துவது கடினம். ‘வேலையில் ஊசி குத்திவிட்டது, பாதுகாப்புக்கு ஒரு மாதம் மாத்திரை’ என்று முதல் நாளே சொல்லிவிடுவது, பதினைந்தாம் நாள் கைப்பையில் புட்டியைக் கண்டுபிடித்த பிறகு விளக்குவதைவிட மேல். தேவைப்பட்டால் மருத்துவரோ ஆலோசகரோ கணவரிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். விடுதியில் இருப்பவர்கள் மாத்திரைகளை அடையாளமில்லாத வேறு டப்பாவுக்கு மாற்றுவதானால், மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஈரம் படாமல் இருக்கட்டும். டப்பா நிறைய மாத்திரையைக் கொட்டி வைக்காமல் ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் எடுத்து வைப்பது நல்லது.

தூய்மைப் பணியாளர்கள்

குப்பைப் பையைத் தூக்கும்போது துருத்திக்கொண்டு வரும் ஊசி எந்த நோயாளியுடையது என்று எவருக்கும் தெரியாது. பையில் ஊசியைப் போட்டவர் வேறொருவர், குத்துப்பட்டவர் இவர். மஞ்சள் பைக்குள் ஊசி போகக் கூடாது, துளைபடாத வெள்ளைக் கொள்கலனில்தான் போட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. கழிவைக் கையாள்வோருக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் போட வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்ற காரணத்தால் இவர்களை வெளியாள் போல் நடத்துவது பரவலாக இருப்பதால், இவர்களுக்கென்று சில வேலைகளைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. பயிற்சி வகுப்பில் திரையில் படம் காட்டுவதைவிட, அவர்கள் உடை மாற்றும் அறையில் பத்து நிமிடம் நின்று, ‘அக்கா, குத்தினா யார்கிட்ட முதல்ல சொல்வீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மேஸ்திரிகிட்ட’ என்று பதில் வந்தால், அந்த மேஸ்திரியைத்தான் முதலில் பயிற்றுவிக்க வேண்டும். ஊசி எந்த நோயாளியுடையது என்று தெரியாத காயங்களுக்கு மருந்து தருவதா என்பதை மருத்துவர், ஊசி கிடந்த இடத்தையும் காயத்தையும் பார்த்து முடிவு செய்வார். முடிவு செய்ய வேண்டியவர் அவர், மேஸ்திரி அல்லர்.

மேற்பார்வையாளர் ஏற்படுத்த வேண்டியவை

2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, தொற்று அபாயம் உள்ள பணியாளர் அனைவருக்கும் பாதுகாப்புக் கருவிகள், பயிற்சி, தடுப்பு மருந்து ஆகியவற்றைத் தருவதும், அவை கிடைக்கும் என்பதை அவர்களுக்குத் தெரியப்படுத்துவதும் மருத்துவ நிறுவனத்தின் கடமை. சட்டத்தில் பணியாளர் என்ற சொல்லுக்குள் நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பிரிவினை இல்லை. ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதும், அதைக் காட்டி வேலையை மறுப்பதும் அதே சட்டத்தால் தடுக்கப்பட்டவை.

சட்டம் சுவரில் தொங்கினால் போதாது. காயத்தைப் பதிவு செய்யும் படிவத்தையும் ஒழுங்கு நடவடிக்கைக்கான கோப்பையும் வெவ்வேறு மேசைகளில் வையுங்கள்; இரண்டும் ஒரே கண்காணிப்பாளரிடம் இருக்கும்வரை எவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். முதல் மாத்திரைகளைக் கொண்ட சிறு பெட்டி அவசரச் சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, அறுவை அரங்கு ஆகிய இடங்களில் பூட்டின்றி, காலாவதித் தேதி மாதந்தோறும் பார்க்கப்பட்டு இருக்கட்டும். பணியாளர் தம் மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் வரிசையில் நிற்காமல், மருந்து அவரிடம் வந்து சேர வழி செய்யுங்கள். மூத்த மருத்துவர் ஒருவர் தாம் ஒருமுறை இந்த மருந்தை எடுத்ததை எல்லார் முன்னும் சொல்ல முன்வந்தால், பத்துச் சுவரொட்டிகளால் ஆகாதது ஆகும். எங்கள் இடத்தில் ஓர் அறுவை மருத்துவர் அப்படிச் சொன்ன மாதத்தில் என் பதிவேட்டில் புதிய பெயர்கள் வரத் தொடங்கின. காயங்கள் கூடிவிட்டதாக நிர்வாகம் கவலைப்பட்டது. கூடியது காயம் அன்று, பதிவுதான் என்பதை விளக்க எனக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன.

தொடர் சோதனைகள்

6 வாரம், 3 மாதம், 6 மாதம் ஆகிய மூன்று கட்டங்களில் எச்.ஐ.வி. சோதனை செய்ய வேண்டும். அதற்கிடையே, குறிப்பாக இரண்டு முதல் நான்கு வாரங்களில், காய்ச்சல், தொண்டை வலி, தோல் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல் போன்றவை வந்தால் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாதாரணச் சளிக்காய்ச்சலும் இப்படித்தான் வரும் என்பதால் பயமுறுத்த வேண்டாம். ஆனால் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

மாத்திரையை முழுமையாக எடுத்தவர்களே இந்தச் சோதனைகளுக்கு வராமல் நின்றுவிடுவது வழக்கம். மருந்து முடிந்ததும் அந்த நினைவையே மூடிவிட மனம் விரும்புகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. நான் செய்த ஏற்பாடு எளிது: முதல் நாளே மூன்று தேதிகளையும் அவருடைய பணி அட்டவணையைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன்; அந்த நாளில் ‘மேலே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்’ என்று மட்டும் செய்தி அனுப்புவேன், காரணம் எழுத மாட்டேன். வருபவரின் இரத்த மாதிரி பெயருக்குப் பதில் எண்ணோடு, எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போகும். ஆறாம் மாதச் சோதனை முடிவை மட்டும் தொலைபேசியில் சொல்லாமல், உட்கார வைத்து, தாளை அவர் கையிலேயே கொடுப்பேன்.